குளக்கோட்டன் காலத்து மிளகாய்

கேள்வி: திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்தவனாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் பற்றிய எங்கள் ஊர் நாடகத்தில் காலவழுக்கள் மலிந்திருந்தன என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். காலவழு என்றால் காலம் கடந்த பழைய பொருள்தானே? அப்படியானால், அரச கச்சேரி வாசலில் இன்றும் தட்டச்சுப்பொறியில் பெட்டிசம் அடிக்கும் ஐயாவும் காலவழுதானா?
— வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: அந்த ஐயாவை விட்டுவிடுங்கள். அவருடைய பொறி பழையதுதான்; ஆனால் அது இன்றும் அடிக்கிறது, அடித்த பெட்டிசத்தை மேசைக்கு அப்பால் இருப்பவர் வாங்கிக்கொள்கிறார். ஒரு காலத்தைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, அக்காலத்தில் இருந்திருக்கவே முடியாத பொருளையோ பெயரையோ அதற்குள் வைப்பதுதான் காலவழு.

அரசனின் கையில் கடிகாரம் தெரிந்தபோது சபை சிரித்தது. கழற்ற மறந்த பையனை நான் குறை சொல்லவில்லை. யாருமே சிரிக்காத இடங்கள்தான் என்னை உறுத்தின. திருப்பணியில் களைத்த கல்தச்சருக்கு அரசி மிளகாய்ச் சம்பலோடு சோறு பரிமாறுகிறாள். மிளகாயோ அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கேயர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் நம் பக்கம் வந்த காய். அதற்கு முன் நமக்குக் காரம் தந்தது மிளகு, வந்த காய்க்கும் அதன் பெயரையே ஒட்டவைத்தோம். குளக்கோட்டனின் காலம் எதுவென்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகாவிட்டாலும், அவன் பறங்கிக்கு, அதாவது போர்த்துக்கேயருக்கு, முந்தியவன் என்பதைத் திருகோணமலைக் கோட்டை வாசல் கல்வெட்டுப் பாட்டே ‘முன்னே குளக்கோட்டன்’, ‘பின்னே பறங்கி’ என்று வரிசைப்படுத்திச் சொல்கிறது. அந்த வாசலால் எத்தனை தரம் போய் வந்திருப்போம்!

கடைசிக் காட்சி இன்னும் மோசம். 1620களில் கோயிலை இடிக்கும் பறங்கித் தளபதி, கற்களைப் ‘பிரட்றிக் கோட்டைக்கு’ எடுத்துச் செல்லக் கட்டளையிடுகிறான். திருகோணமலைக் கோட்டைக்கு அந்தப் பெயரை ஆங்கிலேயர் சூட்டியது 1803இல்.

அரசன் ‘கதிரை’ கேட்டதையும் சிலர் குறித்து எழுதியிருந்தனர். அது போர்த்துக்கேயச் சொல்தான். மேலே நான் எழுதிய மேசையும் அப்படி வந்ததே. ஆனால் நன்னூல் காலவழுவைச் சொன்ன கையோடு அமைதியும் (எப்போது அந்த வழுவை ஏற்கலாம் என்பதையும்) சொல்கிறது: உண்டு முடிக்காதவன், கூப்பிட்ட அவசரத்தில் ‘சாப்பிட்டுவிட்டேன், வந்துவிட்டேன்’ என்றால் அது குற்றமாகாது. நன்னூல் பேசுவது வினைச்சொல்லின் காலத்தைத்தான் என்றாலும், இன்றைய சபைக்கு விளங்க இன்றைய தமிழில் பேசும் அரசனுக்கும் அந்தச் சலுகையைக் கொடுக்கலாம். ஆனாலும் ‘ஆசனம்’ கையெட்டும் தூரத்தில் இருக்க, கதிரையைத் தேடிப் போனது ஏன் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.