மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை, இதய நோய் ஏன் அதிகம்?

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய், அதற்கான ஒலான்சபின் மாத்திரை தொடங்கியதும் எடை ஏறுகிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள். தற்கொலை அதில் ஒரு பங்குதான். பெரும்பாலும் இதய நோய், சர்க்கரை, நுரையீரல் நோய். இவற்றில் பல தடுக்கக்கூடியவை என்பதுதான் வேதனை.

ஒலான்சபினும், அதே நோய்க்குத் தரப்படும் குளோசபினும் பசியைத் தூண்டும். எடை அதிகம் ஏறாமலே சர்க்கரை கூடலாம். தொடக்கத்திலேயே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு), கொழுப்பு அளவு பார்த்துக் குறித்துவையுங்கள். முதல் 6 வாரம் வாராவாரம் எடை, 12-ஆம் வாரம் மறுபடி ரத்தப் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று மருந்து, சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

பலர் தவறவிடுவது சிகரெட். குளோசபின் எடுப்பவர் சட்டென்று புகையை விட்டால் ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்தளவு எகிறும்: அதீதத் தூக்கம், எச்சில் வடிதல், வலிப்புகூட வரலாம். புகையிலுள்ள தார்ப்பொருள்கள் கல்லீரல் நொதியை முடுக்கி மருந்தைச் சீக்கிரம் சிதைத்துவந்தன, அது நின்றுவிடுகிறது. புகையை விட உதவும் நிகோடின் பட்டை (பேட்ச்) ஒட்டினாலும் இதே கதிதான். கட்டாயம் விடட்டும், ஆனால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைக் குறைத்துக்கொண்டு.

இன்னொன்று, மருத்துவமனையில் மனநோயாளிக்கு நெஞ்சுவலி என்றால் ‘பதற்றம்’, குடிப்பவர் தள்ளாடினால் ‘போதை’ என்று அனுப்பிவிடுவார்கள். பின்னதில் தயமின் (வைட்டமின் பி1) குறைபாடோ தலைக்குள் ரத்தக்கசிவோ இருக்கலாம். கூடவே போய், “மனநோய் இல்லாதவருக்கு இந்த வலி வந்தால் இசிஜி எடுப்பீர்களா?” என்று நேராகக் கேளுங்கள்.