அந்த நோட்டு யாருடையது?

கேள்வி: என் மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். பள்ளிகளுக்கான ஒரு போட்டிக்காக அவனும், உடன் படிக்கும் ஒரு பையனும், ஒரு பெண்ணும் சேர்ந்து நம் பகுதித் தண்ணீரில் உள்ள ஃப்ளூரைடு பற்றி மாணவர்களுக்கான இணையதளம் செய்தார்கள். மாவட்ட அளவில் தேர்வாகிவிட்டது. அடுத்த சுற்றுக்குச் சென்னை போக இரண்டு பேருக்குத்தான் இடம். என் மகனையும் அந்தப் பெண்ணையும் அனுப்பப்போவதாக டீச்சர் சொல்கிறார். ராப்பகலாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எல்லாம் செய்தவன் என் மகன். அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு போன்கூடக் கிடையாது. பென்னாகரம் பக்கம் ஊர்களில் நாலு பேரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தாள், அவ்வளவுதான். அந்த நோட்டுகூட எங்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டில்தான் கிடக்கிறது. அவளுக்குப் பதிலாக மற்ற பையனை அனுப்பச் சொல்லி டீச்சரிடம் எப்படிப் பேசுவது? வயசுப் பெண்ணோடு வெளியூர் அனுப்பவும் மனம் ஒப்பவில்லை.
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: டீச்சரிடம் எப்படிப் பேசுவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை, அம்மா. "எல்லாம் என் பிள்ளைதான் செய்தான்" என்ற வரி எனக்குப் பழகிப்போன வரி. அறிவியல் கண்காட்சியானாலும் ஆண்டுவிழா நாடகமானாலும் பெற்றோர் கடிதத்தில் அது வந்துவிடும்.

எனக்கு உறுத்தியது வேறு. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த நோட்டு. அது ஏன் உங்கள் வீட்டில் இருக்கிறது? மாவட்டச் சுற்று முடிந்த பிறகும் எழுதியவளிடம் ஏன் திரும்பப் போகவில்லை? உங்கள் மகனுக்கு அது இன்னும் தேவைப்படுகிறது. சென்னையில் நடுவர்கள் கேள்வி கேட்டால் பதில் அதில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நோட்டு வேண்டும், எழுதியவள் வேண்டாம் என்பதுதான் உங்கள் கோரிக்கை.

இன்று சாயங்காலம் அதை எடுத்துப் பிரித்துப் படியுங்கள். நான் அதைப் பார்த்ததில்லை. ஆனால் இந்த விஷயத்தைக் கேட்டுக்கொண்டு நம் ஊர்களுக்குள் நுழைகிற யாருக்கும் என்ன கிடைக்கும் என்று தெரியும். ஃப்ளூரைடு என்றால் என்ன, குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும், சின்ன வயதில் பல்லில் ஏறிய கறையைத் தேய்த்து எடுக்க முடியாது: இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்தது, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது என்பதையும் யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துவிடலாம். எந்தத் தெருவில் போர் எத்தனை அடி இறங்கியது, எந்த வருஷத்திலிருந்து பிள்ளைகளின் பல் மஞ்சளானது, எந்தப் பாட்டிக்கு முட்டி மடங்காமல் போனது, குடிக்கக் காவிரித் தண்ணீர் பிடிக்கிற வீட்டிலும் சோறு எந்தத் தண்ணீரில் வேகிறது? இதையெல்லாம் எந்த லேப்டாப்பும் சொல்லாது. ஒருத்தி வீடு வீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, கேட்டு எழுத வேண்டும்.

இணையதளத்தின் சட்டகம் இலவசமாகவே கிடைக்கிறது. நிறம், எழுத்துரு, மெனு எல்லாம் தயாராக வருகிறது. உங்கள் மகன் செய்ததை நான் குறைக்கவில்லை. தமிழில் ஒழுங்காகத் தெரியும்படி பக்கங்களை அமைக்கவும், சின்ன போனிலும் படிக்கும்படி வைக்கவும் பொறுமை வேண்டும், அது வேலைதான். ஆனால் அந்தப் பக்கங்களில் நிரப்ப ஒன்றும் இல்லாவிட்டால் மாவட்டத்தில் யார் தேர்ந்தெடுத்திருப்பார்கள்? உங்கள் பையன் கட்டியது வீடு என்றால், குடியிருப்பது அவள் கொண்டுவந்த ஜனங்கள்.

போன்கூடக் கிடையாது என்று அவளைக் குறைத்து எழுதியிருக்கிறீர்கள். போன் இல்லாமல் இதைச் செய்திருக்கிறாள் என்று அதே வரியை நான் படிக்கிறேன். போன் இருந்திருந்தால் பதிவு செய்திருப்பாள். இல்லாததால் கேட்டதையெல்லாம் மனதில் வாங்கி, கையால் எழுதினாள்.

மற்ற பையன் என்ன செய்தான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. திரும்பத் திரும்பத் தேடினேன். அவனை அனுப்ப வேண்டும் என்பதற்கு அவன் பையன் என்பதைத் தவிர நீங்கள் ஒரு காரணமும் தரவில்லை.

கோபப்படுங்கள், பரவாயில்லை. உங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பதும், சமைப்பதும், மாமியாரின் மாத்திரை நேரத்தை நினைவில் வைத்திருப்பதும் யார் கணக்கில் எழுதப்படுகிறது? நடந்து செய்கிற வேலை, கேட்டுச் செய்கிற வேலை, பார்த்துக்கொள்கிற வேலை எதுவும் கணக்கில் வராது என்று நமக்குச் சொல்லியே வளர்த்தார்கள். அந்தக் கணக்கையே நீங்கள் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குப் போடுகிறீர்கள், உங்கள் மகன் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்கிறான். நாளை அவன் ஒருத்தியோடு குடும்பம் நடத்தப்போகிறவன். பெற்றவள் சொல்லித்தராவிட்டால் அடுத்தவரின் உழைப்புக்கு மரியாதை தர அவனுக்கு வேறு யார் சொல்லித்தருவார்கள்?

நம் மாவட்டத்தின் பழைய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார்கள். 2001-இல் அது தருமபுரிக்கும் வரவேண்டியிருந்தது. பிறக்கவே போராட வேண்டியிருந்த மண்ணில் ஒரு பெண் பிளஸ் ஒன் வந்து, ஊர் ஊராகப் போய்த் தகவல் சேகரித்திருக்கிறாள். அவளை மேடை ஏற விடாமல் தடுக்க ஒரு தாய் வழி கேட்பது எனக்குத் தாங்கவில்லை.

வயசுப் பெண் என்ற பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பள்ளியிலிருந்து போகும்போது ஆசிரியர் உடன் போவார். உங்கள் மகன் மேல் நம்பிக்கை இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இல்லையென்றால் நீங்கள் உட்காரவைத்துப் பேச வேண்டியது அவனிடம்.

நோட்டை உங்கள் மகன் தன் கையால் அவளிடம் கொடுக்கட்டும். இத்தனை நாள் வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்கட்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இலிருந்து இருக்கிறது. ஒரு எழுத்தை எழுதியவர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அது பாதுகாக்கிறது. உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த பிறகும் அது போவதில்லை. அவள் எதையும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. எனவே தளத்தில் தனியாக ஒரு பக்கம் போடச் சொல்லுங்கள்: ஊர்களில் தகவல் சேகரித்து எழுதியவர் இவர், பக்கங்களை அமைத்தவர் இவர், மூன்றாவது பையன் செய்தது இது என்று. பெயர் போதும், போன் நம்பரும் வீட்டு முகவரியும் வேண்டாம். குழந்தைகளின் பல் படங்களைப் போட்டிருந்தால், எந்த வீட்டில் சம்மதம் வாங்கியது என்று அவளிடம் கேட்டு, வாங்காத படங்களை சென்னைக்குப் போகும் முன்பே எடுத்துவிட வேண்டும். அதுவும் அவளுக்குத்தான் தெரியும்.

டீச்சரிடம் நீங்கள் பேசத்தான் வேண்டும். அவர் எடுத்த முடிவு சரி என்று சொல்வதற்காகப் பேசுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்வாருங்கள். சென்னைக்கு அனுப்ப உங்களைப் போலவே அவள் அம்மாவும் தயங்கக்கூடும். தயங்கினால், டீச்சரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நானும் துணைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள்.