ஆல்ப்ஸில் சொகுசும் வேண்டும், அசல் கிராமமும் வேண்டும் என்றால் எங்கே போகலாம்?

குளிர்காலத்தில் ஒரு வாரம் ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் தங்க வேண்டும், செலவு பற்றிக் கவலையில்லை, ஆனால் சுற்றுலாக்காரருக்காகவே கட்டிவைத்த ஊராக இருக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்தில் இருக்கும் செர்மாட். உலகத்துக்கே தெரிந்த ஊரில் அசல் என்ன மிச்சம் இருக்கும் என்று நினைப்பீர்கள். நிறையவே இருக்கிறது. எப்போது போகிறீர்கள், எந்தத் தெருவில் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அந்த ஊரை எனக்கு முதலில் சொன்னவர் அப்பா. 80களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸுக்கு வந்த பலரைப் போல அவருக்கும் கிடைத்தது ஹோட்டல் குசினி வேலைதான். மூன்று குளிர்காலம் செர்மாட்டில் சட்டி கழுவி, கிழங்கு உரித்து, கடைசியில் ரோஸ்டி என்ற உருளைக்கிழங்குப் பொரியல் போடும் அளவுக்கு வந்தார். நாங்கள் அப்போது கீழே ஃபிஸ்ப் நகரில் இருந்தோம். லீவில் வீட்டுக்கு வந்தால் மலையைப் பற்றிப் பேச மாட்டார். "அங்கை கார்ச் சத்தமே இல்லை" என்றுதான் சொல்வார். அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த ஜனவரியில் அம்மாவையும் அவரையும் அங்கே விருந்தாளிகளாகக் கூட்டிப்போனேன். கீழே எழுதுவது பெரும்பாலும் அந்த ஐந்து நாளில் கண்டது.

பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு ஊருக்குள் அனுமதி இல்லை. காரில் வந்தால் ஐந்து கிலோமீட்டர் முன்னாலேயே தேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயிலில் ஏற வேண்டும். அதைவிட சூரிச் விமான நிலையத்திலிருந்தே ரயிலில் வாருங்கள். ஃபிஸ்பில் மாறினால் போதும், மொத்தம் மூன்றரை மணி நேரம். ஃபிஸ்பிலிருந்து சின்ன ரயில், செங்குத்தான இடங்களில் பல்சக்கரத்தால் பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு 1,600 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. வந்து இறங்கினால் நிலைய வாசலில் பெட்டி போன்ற குட்டி மின்வண்டிகள் நிற்கும். அவற்றை ஊருக்குள்ளேயே பட்டறை வைத்துக் கையால் செய்கிறார்கள். அப்பா சொன்ன அமைதி அங்கேயே தொடங்கிவிடும். காலடியில் பனி நொறுங்கும் சத்தமும் தேவாலய மணியும்தான் கேட்கும்.

அறை எடுக்கும்போது நட்சத்திரங்களை மட்டும் எண்ணாதீர்கள். அந்தப் பயணத்துக்கு முன் ஒருமுறை நானும் மனைவியும் ஆல்ப்ஸில் வேறோர் ஊரில் மிகப் பெரிய ஹோட்டலில் தங்கினோம். பெயர் வேண்டாம். பளிங்குத் தரை, நீச்சல் குளம் எல்லாம் இருந்தது. ஜன்னல் திரையை மூடிவிட்டால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே தெரியாது. செர்மாட்டில் குடும்பங்கள் தலைமுறையாக நடத்தும் நாலு நட்சத்திர ஹோட்டல்கள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் பிடியுங்கள். காலை உணவும் இரவுச் சாப்பாடும் சேர்ந்த கட்டணத்தை இங்கே ஹால்ப்பென்சியோன் என்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் தங்கிய ஹோட்டலின் மர அறையில் சாம்பல் நிறக் கல்லால் செய்த பழைய அடுப்பு ஒன்று இருந்தது. கில்ட்ஸ்டைன் என்ற அந்தக் கல், மாலையில் சூடேற்றினால் விடியும்வரை வெப்பத்தை விடாது. அதன் முகப்பில் செய்த ஆண்டும் குடும்பத்தின் முதலெழுத்துகளும் செதுக்கியிருந்தன. அம்மா அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தவர், சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை.

தங்குவது ஹின்டர்டோர்ஃப் என்ற பழைய பகுதிக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் நல்லது. பெரிய தெருவிலிருந்து இரண்டு நிமிட நடைதான். வெயில் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன, லார்ச் என்ற ஊசியிலை மரத்தால் கட்டிய களஞ்சியங்கள் அங்கே நெருக்கமாக நிற்கின்றன, பல நூறு ஆண்டு பழையவை. ஒவ்வொன்றும் கட்டைக் கால்களின் மேல் நிற்கும். காலுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே, நம் ஆட்டுக்கல்லைவிட அகலமான, வட்டமான தட்டைக் கல் ஒன்று வைத்திருப்பார்கள். எலி காலில் ஏறலாம், ஆனால் அந்தக் கல்லின் அடிப்பக்கத்தைத் தலைகீழாகத் தாண்ட முடியாது. தானியத்தையும் உலர்த்திய இறைச்சியையும் அப்படித்தான் காத்தார்கள். கிட்டப் போய்க் கையை வைத்துப் பாருங்கள், கல்லில் உளியின் தடம் இன்னும் இருக்கிறது.

ஊர் இன்னும் ஊர்க்காரரிடம்தான் இருக்கிறது என்பதற்கு இன்னொரு அடையாளம், பெயர்ப்பலகைகள். 1865 ஜூலை 14 அன்று ஊருக்கு மேலே நிற்கும் 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹார்ன் மலையின் உச்சியை முதன்முதலில் தொட்ட ஏழு பேரில் நால்வர் இறங்கும்போது கயிறு அறுந்து விழுந்து இறந்தார்கள். தப்பிய மூவரில் இருவர் உள்ளூர் வழிகாட்டிகளான டாக்வால்டர் தந்தையும் மகனும். அந்தக் குடும்பப் பெயர் இன்றும் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் உண்டு. அறுந்த கயிறு தேவாலயத்துக்கு அருகில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சுண்டுவிரல் தடிப்பு கூட இல்லை. போய்ப் பாருங்கள்.

பனிச்சறுக்கு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இத்தாலியப் பக்கத்துச் செர்வீனியாவோடு சேர்த்தால் 360 கிலோமீட்டர் தடங்கள், மதியச் சாப்பாட்டுக்கு இத்தாலி போய்த் திரும்பலாம். சறுக்கத் தெரியாதவர்கள் கோர்னர்கிராட் ரயிலில் ஏறுங்கள். 1898இலிருந்து மின்சாரத்தில் ஓடுகிற பல்சக்கர ரயில், 3,089 மீட்டரில் கொண்டுபோய் விடும்.

ஆனால் ஒரு மதியத்தை ஃபின்டெல்னுக்கு ஒதுக்கிவிடுங்கள். சுரங்க ரயிலில் சுன்னெகா வரை ஏறி, அங்கிருந்து பனியில் மெதுவாக இறங்கி நடந்தால் வரும் சின்னக் குடியிருப்பு. 2,000 மீட்டருக்கு மேலேயே ஒரு காலத்தில் ரை தானியம் விளைந்த இடம். இன்று அந்தப் பழைய மரவீடுகள் சிலவற்றில் அருமையான உணவகங்கள் நடக்கின்றன. முன்கூட்டியே மேசை பதிவு செய்ய வேண்டும்.

ராக்லெட் சாப்பிடாமல் வரக் கூடாது. பாதி வட்டப் பாலாடைக்கட்டியின் வெட்டு முகத்தை நெருப்புக்குக் காட்டி, அது குமிழிட்டு உருகும்போது கத்தியின் முதுகால் ஒரே இழுப்பில் தட்டில் வழித்துத் தருவார்கள். கூடத் தோலோடு அவித்த உருளைக்கிழங்கும், ஊறுகாய் போட்ட சின்ன வெங்காயமும் வெள்ளரிப்பிஞ்சும். விளிம்பில் முறுகிய ஓரத்தைக் கேட்டு வாங்குங்கள், அதுதான் சுவை. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பாலாடைக்கட்டி வயிற்றில் இறுகிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. வைன் அல்லது சூடான தேத்தண்ணீர்தான். அப்பா ஐந்து தட்டு சாப்பிட்டார். பிறகு சமையல்காரர் வெளியே வர, இருவரும் ரோஸ்டிக்குக் கிழங்கை முதல்நாளே அவித்து ஆறவைக்க வேண்டும் என்பதைப் பற்றி அரை மணி நேரம் கதைத்தார்கள்.

காலம் என்று கேட்டால், ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை. கிறிஸ்மஸ் வாரத்திலும் பிப்ரவரிப் பள்ளி விடுமுறையிலும் விலையும் கூட்டமும் ஏறிவிடும். ஜனவரியில் குளிர் கடுமைதான், ஆனால் அதே அறை குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஹோட்டல்காரருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும்.

அப்புறம், ஒரு காலையாவது எட்டு மணிக்கு முன் தேவாலயத்துக்குக் கீழே உள்ள பாலத்தில் போய் நில்லுங்கள். ஊர் இருட்டாக இருக்கும்போதே மாட்டர்ஹார்னின் நுனியில் மட்டும் செம்மஞ்சள் ஒளி விழும். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மூன்று குளிர்காலம் அதே ஊரில் இருந்தும் அப்பா அதைப் பார்த்ததில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி மலை வெளிச்சமாகும்வரை பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "இந்த நேரம் நான் உள்ளுக்கை முட்டை அவிச்சுக்கொண்டு நிண்டிருப்பன்."