நீதிமன்றத்துக்கு எத்தனை வழி?

கேள்வி: எங்கள் ஊரில் எழும்பும் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தின் வரைபடத்தில் மூன்று தனித்தனிப் படிக்கட்டுகள் உள்ளன. நீதிபதிக்குத் தனி வழி என்பது பழைய அதிகாரத் தோரணை அல்லவா?
- வாசகி ஒருவர், சேலம் மாவட்டம்

பதில்: தோரணையும் அதில் கொஞ்சம் உண்டு. ஆனால் முதன்மையான காரணம் வேறு. நீதிபதி, காவலிலிருந்து அழைத்துவரப்படும் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்), பொதுமக்கள் ஆகியோர் விசாரணைக் கூடத்தில் மட்டுமே ஒருங்கே இருக்க வேண்டும். நடைவழியில் ஒரு தரப்பார் நீதிபதிக்கு வணக்கம் சொன்னாலே மறுதரப்பாருக்கு ஐயம் பிறந்துவிடும்.

நீங்கள் கேட்க வேண்டியது நான்காவது வழி எங்கே என்பதைத்தான். நீதிமன்ற ஊழியரான டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை சாட்சி எங்கே உட்காருவார்? பல இடங்களில் எதிரியின் உறவினர் அமர்ந்திருக்கும் அதே வராந்தா பெஞ்சில்தான். சாட்சியம் அளிக்கும் குழந்தையின் கண்ணில் எதிரி படக் கூடாது, எதிரிக்கோ குழந்தை சொல்வது கேட்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 36ஆம் பிரிவு. இந்த ஒரு வாக்கியத்தை வரைபடத்தில் கொண்டுவருவதற்குத் தனி நுழைவாயில், காத்திருப்பு அறை, அதை ஒட்டியே கழிவறை, ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடி அல்லது காணொலி வசதி என எல்லாவற்றுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கியாக வேண்டும். ஒவ்வோர் உயர் நீதிமன்ற எல்லைக்குள்ளும் எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகள் சாட்சியம் அளிக்க இத்தகைய வசதியுள்ள மையங்கள் குறைந்தது இரண்டாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. கட்டி முடித்த பின் ஆவண அறையைத் தடுத்து இதை உண்டாக்குவது ஒப்பேற்றல்தான்.

கேள்வி: சண்டிகர் உயர் நீதிமன்றத்துக்குக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வடிவமைத்த பெரிய கம்பளங்கள் வெறும் அலங்காரமா?
- வாசகர் ஒருவர், மதுரை

பதில்: இல்லை. 1955இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் வெற்றுக் கான்கிரீட் சுவர்கள் குரலைத் திருப்பி அடிக்கும் என்பதால், தலைமை நீதிபதியின் கூடத்துக்கு 144 சதுர மீட்டரிலும் மற்ற எட்டுக் கூடங்களுக்குத் தலா 64 சதுர மீட்டரிலும் சுவர்க் கம்பளங்கள் வடிவமைக்கப்பட்டன. கண்ணாடித் தடுப்புகளால் நிறைந்த இன்றைய அலுவலகங்களிலும் இதே தொல்லை உண்டு. அங்கே ஒரு தொலைபேசி உரையாடல் கெடும், அவ்வளவுதான். கூண்டில் நிற்பவர் பேச்சோ உடனுக்குடன் தட்டச்சாகிறது. தமிழில் ‘தெரியும்’, ‘தெரியாது’ இரண்டும் ஒன்றுபோலத் தொடங்கி முடிவில்தான் பிரிகின்றன. எதிரொலி முதலில் விழுங்குவது அந்த முடிவைத்தான்.