மகளின் ஐந்தாவது பாடம்

அன்புள்ள ஐயா,

என் மகள் சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பதினொன்றில் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஐந்தாவதாக சைக்காலஜிதான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கணக்கை விட்டுவிட்டு இதுவா என்று எனக்குக் கவலை. என் அம்மாவோ, "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கவா பெண்ணைப் படிக்க வைக்கிறாய்?" என்கிறார். இந்தப் பாடத்தால் பிரயோஜனம் உண்டா? போன வாரம் ஒரு சண்டையில் என்னை 'நார்சிஸிஸ்ட்' (தன்னையே பெரிதாக நினைப்பவர்) என்று வேறு சொல்லிவிட்டாள். எங்கே படித்தாளோ!

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

வேலைக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். மனநல மருத்துவர் ஆவதற்கு எம்பிபிஎஸ் முடித்து அந்தத் துறையில் எம்.டி. படிக்க வேண்டும். அதற்கான நீட் கேட்கும் மூன்று பாடங்களும் உங்கள் மகள் கையில் இருக்கின்றன. மருந்து எழுதாத உளவியலாளர் ஆவது வேறு பாதை: இளங்கலை, முதுகலை, நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் கிளினிக்கல் பிரிவு என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற பயிற்சியும் பதிவும். பி.எஸ்சி. சைக்காலஜியில் சேர, பள்ளியில் அதைப் படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் கேட்பதில்லை. கணக்கை விட்டால் பொறியியல் ஏறக்குறைய இல்லை என்றாகும். அதில் அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஆக, வேலைக்காக இதைப் பள்ளியிலேயே எடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் எடுக்கட்டும் என்றுதான் சொல்வேன்.

எங்கள் ஊர்க் கிணற்றில் விழுந்த பசுவைத் தூக்கிய நாளில் கயிற்றின் முனையைப் பிடித்தது யார் என்று நானும் என் தம்பியும் முப்பது வருடம் சண்டை போட்டோம். கயிறு அறுத்த உள்ளங்கை எரிச்சல் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவனுக்கும்! ஒரு பொங்கலன்று அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு பேரும் அன்னைக்குப் பள்ளிக்கூடத்துலல்ல இருந்தீங்க" என்றாள். தாத்தா சொல்லிச் சொல்லிக் கேட்ட கதையில் ஆளுக்கொரு கயிறு பிடித்திருக்கிறோம்.

1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். ஐம்பது பேரிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று கேட்டார்கள். வேறு ஐம்பது பேரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றார்கள். மீதி ஐம்பது பேரிடம் வேகத்தைப் பற்றியே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'நொறுங்கிய' கூட்டத்தில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். 'மோதிய' கூட்டத்தில் 7 பேர். கேட்கப்படாதவர்களில் 6 பேர். கேள்வியில் இருந்த ஒரு வினைச்சொல் செய்த வேலை.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இது ஐம்பது வயதுக்குமேல்தான் தெரியவந்தது. நினைவாற்றல் பற்றிய பாடம் பதினொன்றாம் வகுப்பிலேயே இருக்கிறது. 'என் கண்ணால் பார்த்தேன்' என்று நாம் அடித்துப் பேசுவதைச் சந்தேகிக்கப் பதினாறு வயதில் ஒரு பெண் கற்றுக்கொண்டால், அது கணக்கைவிடக் குறைந்த படிப்பில்லை.

உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் ஏழு பாடங்களில் நோயும் சிகிச்சையும் இரண்டே. மற்றதெல்லாம் அறிவுத்திறன், ஆளுமை, மன அழுத்தம், மனப்பான்மை, கூட்டத்தில் மனிதன் நடந்துகொள்ளும் விதம். நேற்று முளைத்த படிப்பும் இல்லை. ஜெர்மனியின் லீப்சிக் நகரில் வுண்ட் என்பவர் இதற்கென்று ஆய்வகம் தொடங்கியது 1879இல். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தனித்துறை வந்தது 1916இல்.

என் தயக்கமெல்லாம் சொல்லிக்கொடுப்பவரைப் பற்றித்தான். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. அந்த முப்பதில்தான் உயிர் இருக்கிறது: ஒருவருக்குச் சோதனை நடத்துவது, அவர் சம்மதம் கேட்பது, சொன்னதை வெளியே சொல்லாமல் இருப்பது, ஒரு மனிதரின் கதையைத் தீர்ப்பு எழுதாமல் பதிவு செய்வது. ரெக்கார்டு நோட்டை இன்னொருத்தியைப் பார்த்து எழுதவிடும் பள்ளி என்றால் வேண்டவே வேண்டாம். மனப்பாடம் செய்ய உயிரியலே போதும். சேர்ப்பதற்கு முன்னால் அந்த ஆசிரியையை ஒருமுறை நேரில் பார்த்து, போன வருடப் பிள்ளைகள் என்ன சோதனை செய்தார்கள் என்று கேளுங்கள்.

நார்சிஸிஸ்ட் விஷயம். இந்த மாதிரி மனக்கோளாறுப் பெயரெல்லாம் ரீல்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. பூட்டை இரண்டாம் தடவை இழுத்துப் பார்க்கிற மாமாவுக்கு ஓசிடி, கோபித்துப் பேசிய தோழிக்கு பைபோலார். ஒரு நடத்தையைக் கோளாறு என்று சொல்வதற்குமுன், அது வழக்கத்திலிருந்து விலகியதா, வேதனை தருகிறதா, அன்றாட வாழ்க்கையைக் குலைக்கிறதா, ஆபத்தானதா என்று நான்கு கோணத்தில் பார்க்கச் சொல்கிறது அவளுடைய பாடப்புத்தகம். பன்னிரண்டாம் வகுப்பில் நான்காம் பாடம் அது. அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்த பிறகும் அப்படியே சொன்னாள் என்றால், எனக்கு மறுபடி எழுதுங்கள்.