கிளமேட்டிஸ் கொடியை எப்போது, எவ்வளவு வெட்டுவது?

லண்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மூன்று ஆண்டுகளுக்கு முன் கிழக்குச் சுவரோரம் 'நெல்லி மோசர்' வகைக் கிளமேட்டிஸ் நட்டேன். பக்கத்து வீட்டார் தம் 'ஜாக்மனி' வகைக் கிளமேட்டிஸைப் பிப்ரவரி இறுதியில் ஓரடி உயரத்துக்கு வெட்டுவதைப் பார்த்து நானும் அப்படியே செய்கிறேன். அவர்கள் கொடி பூத்துக் குலுங்குகிறது. என்னுடையதில் மே மாதம் ஒரு பூவும் இல்லை, ஆகஸ்டில் நாலைந்து வருவதோடு சரி. சென்ற ஜூனில் ஒரு தண்டு திடீரென வாடிக் கருகியும் போயிற்று. என்ன செய்வது?"

பூக்காததற்கும் தண்டு கருகியதற்கும் தொடர்பில்லை. பூக்காததற்குக் காரணம் உங்கள் கத்தரிக்கோல்தான். 1862-இல் சர்ரே மாவட்டத்தின் வோக்கிங் நாற்றுப்பண்ணையில் முதன்முதலாகப் பூத்த ஜாக்மனி, அந்தந்த ஆண்டு புதிதாக வளரும் தண்டில் கோடையில் பூப்பது. ஆகவே அதை ஆண்டுதோறும் அடியருகே வெட்டலாம், வெட்டவும் வேண்டும். நெல்லி மோசரோ, முந்தைய ஆண்டின் முதிர்ந்த தண்டிலுள்ள கணுக்களிலிருந்து குறுந்தளிர் விட்டு, மே, ஜூன் மாதங்களில் முதல் பூக்களைத் தருவது. அந்தத் தண்டுகளையே நீங்கள் பிப்ரவரியில் அகற்றிவிடுவதால், புதுத்தண்டில் வரும் பிற்காலப் பூக்கள் மட்டுமே மிஞ்சுகின்றன.

இனி வரும் பிப்ரவரியில் பட்டுப்போன, மெலிந்த தண்டுகளை மட்டும் நீக்குங்கள். மற்றவற்றை நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டே வந்து, பருத்த இணைமொட்டு தென்படும் முதல் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். முதல் சுற்றுப் பூக்கள் உதிர்ந்ததும் அந்தக் கிளைகளை இலேசாகக் கத்தரித்தால் கோடை இறுதியில் மறுபடியும் பூக்கக்கூடும். வசந்தத்தில் பூக்கும் மொண்டானா இனத்துக்கு விதி வேறு: பூத்து முடிந்த பின்னரே அதில் கை வைக்க வேண்டும். பெயர் தெரியாத கொடி கைக்கு வந்தால் ஓராண்டு வெட்டாமல் விட்டு, எப்போது, எந்தத் தண்டில் பூக்கிறது என்று பார்த்துக்கொள்வதே என் பரிந்துரை.

கிழக்குச் சுவர் நல்ல தேர்வு. கடும் வெயிலில் நெல்லி மோசரின் இளஞ்சிவப்பும் நடுக்கோடும் வெளிறிவிடும். ஆனால் சுவரின் அடிமண்ணில் மழை சரியாக விழாது என்பதால், வறட்சிக் காலத்தில் வேர்ப்பகுதி முழுதும் நனையுமாறு ஊற்றி, மட்கிய உரத்தைத் தண்டைத் தொடாமல் மூடாக்காகப் பரப்புங்கள். வசந்தத்தில் தக்காளிக்கு இடும் பொட்டாஷ் மிகுந்த உரம் இதற்கும் பொருந்தும். நம் கார்த்திகைப்பூக் கொடி இலைநுனியால் பற்றி ஏறுவதுபோல் இது தன் இலைக்காம்பால் சுற்றிப் பற்றி ஏறுவதால், தடித்த கழியைவிட மெல்லிய கம்பியே பற்றுவதற்கு ஏற்றது.

தண்டு கருகியது, பெரிய பூ வகைகளைத் தாக்கும் பூஞ்சை வாடல் நோயாக இருக்கலாம். கொடி முழுவதும் தொய்ந்தால் முதலில் தண்ணீர்ப் பற்றாக்குறையைச் சந்தேகியுங்கள். ஒரு தண்டு மட்டும் வாடி, வெட்டிப் பார்க்கையில் உள்ளே கருமை தெரிந்தால் அது வாடல் நோய். நல்ல திசு தெரியும்வரை, தேவையானால் மண்மட்டம் வரைகூட, வெட்டி நீக்குங்கள். வெட்டியதை உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்தி, கத்தரிக்கோலைக் கிருமிநாசினியால் துடையுங்கள். புதிய கொடி நடும்போது, தொட்டியில் இருந்ததைவிட இரண்டு மூன்று அங்குலம் ஆழமாக நட்டால், மேலே தண்டு கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் மொட்டுகளிலிருந்து அது மீண்டும் துளிர்க்கும். இதன் சாறு தோலை எரிக்கக்கூடியது. கையுறை அணிந்து வெட்டுங்கள்.