வைக்கோலை வயிறு முட்டத் தின்றும் காளை இளைப்பது ஏன்?

கேள்வி: இறைச்சிக்காக நான்கு காளைகள் வளர்க்கிறேன். மழைக்காலத்தில் மேய்ச்சலிலேயே நன்றாகத் தேறுகின்றன. வறட்சி தொடங்கியதும் வைக்கோலை வயிறு முட்டத் தின்கின்றன, ஆனால் விலா எலும்பு தெரிகிறது. வியாபாரி கண்மதிப்பில் விலையை அடித்துக் குறைக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வயிறு முட்டுவதே இங்கே சிக்கல். வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். தீனியின் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால், முதல் இரைப்பையில் நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகாது. சிதையாத நார் அங்கேயே தங்கிவிடும். இடம் காலியாகாததால் அடுத்த பிடி தீனி உள்ளே இறங்காது. வெளியே வயிறு பெருத்திருக்கும், உள்ளே மாடு தன் சதையையே கரைத்துக்கொண்டிருக்கும். கூடுதலாக நான்கு பிடி வைக்கோல் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

முதலில் கையிருப்பைக் கணக்குப் பாருங்கள். 250 கிலோ எடையுள்ள காளைக்கு நாளுக்கு 5 கிலோ உலர்தீனியாவது வேண்டும். வறட்சி 120 நாள் என்றால் ஒன்றுக்கு 600 கிலோ, நான்குக்கு 2,400 கிலோ. அவ்வளவு இல்லையென்றால், மழை முடிந்து தோல் மினுமினுப்பாக இருக்கும்போதே இரண்டை விற்றுவிடுங்கள். நான்கையும் பிடித்து வைத்திருந்து, தீனி தீர்ந்த பிறகு, ஊரே விற்கும் நேரத்தில் மெலிந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதுதான் பெரிய நஷ்டம்.

மீதி இரண்டுக்கும் வைக்கோலை யூரியாவில் ஊறப்போடுங்கள். 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். உங்கள் இரண்டு காளைகளும் 21 நாளில் 210 கிலோ தின்னும். ஆகவே 250 கிலோ குவியலாக இரண்டு போடுங்கள். ஒன்று தீனியாகும்போது மற்றது ஊறட்டும். ஒரு குவியலுக்கு 10 கிலோ யூரியா, 125 லிட்டர் தண்ணீர்.

தரையில் பாலித்தீன் தாளை விரித்து, 25 கிலோ வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்புங்கள். 1 கிலோ யூரியாவை 12.5 லிட்டர் தண்ணீரில் ஒரு குருணைகூட மிஞ்சாமல் கரைத்து, பூவாளியால் சீராகத் தெளித்து, ஏறி மிதியுங்கள். இப்படியே பத்து அடுக்கு. மேலே தாளைப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடிவிடுங்கள். வைக்கோலை இளக்குவது உள்ளே உருவாகும் அம்மோனியா. தாளில் சின்னக் கிழிசல் இருந்தாலும் அது வெளியேறிவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததை எருக்குழியில் போடுங்கள், மாட்டுக்கு வேண்டாம்.

21 நாள் கழித்துத் திறந்தால் வைக்கோல் பழுப்பேறி, மெத்தென்று, கண்ணெரியும் நெடியுடன் இருக்க வேண்டும். நெடியே இல்லை என்றால் காற்று புகுந்திருக்கிறது. அன்றன்றைய தேவையை மட்டும் எடுத்து, சில மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். முதல் நாள் கால் பங்கு, பிறகு மெல்லக் கூட்டி, பத்து நாளில் முழுசாக.

ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடவே கூடாது; அதன் இரைப்பை யூரியாவைச் சமாளிக்காது. யூரியா கரைத்த வாளியை மாட்டுக்கு எட்டும் இடத்தில் விட்டுவிட்டால் விபத்து நேரும். வாயில் நுரை, உடல் நடுக்கம், வயிற்று உப்புசம் தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஊறிய வைக்கோல் மட்டும் கொடுத்தால் எடை நிற்கும், பெரிதாக ஏறாது. ஏற வேண்டுமானால் மாடு ஒன்றுக்கு நாளுக்கு ஒரு கிலோ புண்ணாக்கு சேருங்கள். தாது உப்பும் தண்ணீரும் எந்நேரமும் இருக்கட்டும்.

இனி எடை. இதற்கு ஒரு அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு. தோள் முனையிலிருந்து வாலடியில் துருத்தும் எலும்பு வரை நீளம். இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கிடைக்கும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் 273 கிலோ. நாடா தொய்ந்து 62 என்று காட்டினால் 291 ஆகிவிடும். ஆகவே மாடு நேராக நிற்கும்போது, காலையில், தீனிக்கும் தண்ணீருக்கும் முன்னால், இரண்டு தடவை அளந்து பாருங்கள். மாதம் ஒருமுறை குறித்துவைத்தால் எந்த மாதத்தில் இளைக்கத் தொடங்குகிறது என்று கண்ணுக்கு முன்னே தெரிந்துவிடும். வியாபாரியிடமும் எண்ணை வைத்துப் பேசலாம்.

குடற்புழு மருந்தின் அளவுக்கும் இதே எடைதான் ஆதாரம். குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுத்தால் தப்பும் புழுக்கள் மருந்துக்கு மசியாதவையாகப் பெருகும். மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்து மாட்டை இறைச்சிக்கு விடலாம் என்று அந்த மருந்தின் உறையில் அச்சிட்டிருக்கும். விற்கும் தேதியை அதற்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.